அரைக்காசு பெறாத வரி டோக்கன்கள்: உங்கள் கைக்கு எப்படி வந்தன?

ஓட்டைக்காலணா:
மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். பட்டனோடு பட்டனாகச் சிவப்பிலும் பச்சையிலும் பிளாஸ்டிக் வில்லைகள். கல்லாவில் இருந்த பாட்டி, "அது வரி, கண்ணு. சின்ன வயசில் மிட்டாய் வாங்கப் போனால் அதையும் எடுத்துக்கொண்டு போவோம்" என்றார். சிவப்பு 1 மில், பச்சை 5 மில். ஒரு சென்ட்டுக்குப் பத்து மில்.

1930களின் பெருமந்தத்தில் கஜானா காலியான மாநிலங்கள் விற்பனை வரி போட்டன. 10 சென்ட் சாமானுக்கு 2% வரி என்றால் 2 மில். அவ்வளவு சின்னக் காசு அமெரிக்காவில் ஏது? கடைக்காரர் முழு சென்ட்டாக வாங்கினால் வரி 10% ஆகிவிடும். ரொட்டியும் பாலும் சில்லறையாக வாங்குகிற ஏழை தலையில்தான் அது விடியும். அதனால் ஒரு சென்ட் கொடுத்தால் மீதிக்கு டோக்கன். அடுத்த முறை வரிக்கு அதையே நீட்டலாம். இப்படிப் பன்னிரண்டு மாநிலங்கள் வெளியிட்டன. 1935ல் மத்தியக் கருவூலம் 1 மில், அரை சென்ட் நாணயம் அடிக்க யோசனை சொன்னது, நாடாளுமன்றம் கண்டுகொள்ளவில்லை.

மிசௌரியில் முதலில் வந்தது பால் பாட்டில் மூடி மாதிரி வட்ட அட்டை. அப்புறம் நடுவில் மாநில வரைபடத்தோடு துத்தநாகம். போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்ததும் பிளாஸ்டிக். மற்றவர்கள் எல்லாம் கைகழுவிய பிறகும் மிசௌரி 1961 வரை விடவில்லை. பிடிவாதம்தான், வேறென்ன.

சிகாகோ சித்தப்பா:
அண்ணா, இங்கே இல்லினாய்ஸ் கதை தனி. நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரியின் மலிவுப் பெட்டியில் இரண்டு அலுமினிய டோக்கன் கிடைத்தது. ஒன்று வட்டம், ஒன்று சதுரம், இரண்டிலும் ஒன்றரை மில். அதென்ன கணக்கு என்று பார்த்தால், 5 சென்ட்டுக்கு 3% வரி. வட்டமாக இருந்தது நாணயம் மாதிரி இருக்கிறது என்று மத்திய அரசு ஆட்சேபித்ததாம், அதனால் சதுரம் ஆனது. இரண்டும் சேர்த்து ஒரு காபி விலைகூட இல்லை. விலைக்காகச் சேர்க்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்!

எனக்குப் பிடித்தது ஓக்லஹோமாவுடையது. அந்த வரி முதியோர் உதவிக்கு என்று டோக்கனிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வாங்கிய வரி எங்கே போகிறது என்று டோக்கனிலேயே சொல்லிவிட்டார்கள்!

கொலம்பஸ்காரி:
ஒஹாயோவில் அந்தக் காலத்தில் உலோகமே கிடையாது, வரி கட்டியதற்குக் காகிதச் சீட்டுதான். கடைக்காரர் பாதியைக் கிழித்து வைத்துக்கொள்வார், மறுபாதி நமக்கு. அதைச் சேர்த்துக் கொடுத்தால் அரசு சிறு தொகை தரும் என்பதால் தேவாலயங்களும் பள்ளிகளும் வீடுவீடாக வசூலித்திருக்கின்றன. எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்பது) வாங்கிய தையல் பெட்டிக்குள் எனக்கு ஒரு கட்டு கிடைத்தது, ரப்பர் பேண்டு உருகிச் சீட்டோடு ஒட்டிக்கிடந்தது. பிய்த்தால் கிழியும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணா, என்னிடம் உள்ள மிசௌரி துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி படிகிறது. வினிகரில் போடலாமா?

ஓட்டைக்காலணா:
வேண்டவே வேண்டாம்மா, அமிலம் துத்தநாகத்தை அரித்துவிடும். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து, ஈரம் படாத உறையில் போட்டு வையுங்கள். லூசியானா டோக்கன் யாரிடமாவது இரட்டையாக இருந்தால் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள என்னிடம் பச்சை பிளாஸ்டிக் நிறைய இருக்கிறது.