பைஸ்டாண்டர்: 'அகப்பட்டவர்' சரிவருமா?

வணக்கம். கட்டுரைக்காக 'பைஸ்டாண்டர்' (bystander) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம் அல்லவா, அதற்கு வந்த கேள்வி இது:

> பைஸ்டாண்டருக்கு 'அருகிருப்பவர்' போதுமே?

போதாது ஐயா. விபத்தை நின்று வேடிக்கை பார்ப்பவருக்கு அது பொருந்தலாம். இங்கே நமக்கு வேண்டியது, யாரோ கேமரா வைத்த மூக்குக்கண்ணாடியோடு டீக்கடைக்கு வர, எதிர் பெஞ்சில் இருந்த ஒரே காரணத்தால் வீடியோவில் விழுந்துவிட்டவருக்கு ஒரு பெயர். அவர் எதையும் பார்க்கவில்லை, பார்க்கப்பட்டார்.

'பதிவுக்குள்ளானவர்' என்று போன மடலில் எழுதியவன் நான்தான். யோசித்தால், கேமராவைப் பார்த்துச் சிரித்த நண்பரும் அதில் அடங்கிவிடுகிறார். 'உடன்பதிவானவர்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'உடன்' என்றதும் உடன்பாடு காதில் விழுகிறது. இல்லாததே அதுதான்!

ஆகவே 'அகப்பட்டவர்'. தானாகப் போகாமல் உள்ளே விழுந்தவர். திருடன் நினைவு வருகிறது என்பீர்கள். அந்த வாடை 'அகப்பட்டுக்கொண்டான்' என்பதில் உள்ள 'கொள்' கொண்டுவருவது. வலையில் அகப்பட்ட மீன் என்ன குற்றம் செய்தது? 'அகப்படுநர்' மட்டும் வேண்டாம். ஓட்டுநர், இயக்குநர் எல்லாம் ஏதாவது செய்கிறவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பில், தற்செயலாக விழுந்தவர், மாட்டிக்கொண்டவர் என்ற இரண்டு பொருளும் பொருந்தும். செக் நாட்டில் ஒருவர், வீட்டு ஜன்னலை யாரோ உடைக்கிறார்கள் என்று கேமரா வைத்தார். அது தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பிடித்தது. அதில் சிக்கிய சந்தேக நபரே, இந்தப் பதிவு சட்டப்படி செல்லுமா என்று கேட்டுவிட்டார். பொது இடத்தையும் பிடிக்கும் கேமராவை வீட்டுச் சொந்த உபயோகம் என்று விலக்க முடியாது என்றது நீதிமன்றம்.

நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவை விட்டுவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதோடு நிற்கிறது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர் இரண்டிலும் சேராமல் நடுவே நிற்கிறார்.

கன்சென்ட்டுக்கு 'இசைவு' என்றே வைத்திருக்கிறேன். 'ஒப்புதல்' என்றால் வாக்குமூலம் பின்னாலேயே வருகிறது. ரே-பான் மெட்டா என்ற கேமரா கண்ணாடியில், படமெடுக்கும்போது எரியும் சின்ன விளக்கை ஒரு நண்பர் 'இசைவு விளக்கு' என்றிருந்தார். அது 'பதிவு விளக்கு', அவ்வளவுதான். எடுக்கிறேன் என்று சொல்லும், எடுக்கலாமா என்று கேட்காது. இதன் முந்தைய மாடல் வந்த 2021லேயே, அந்த விளக்கு கண்ணில் படுமா என்று அயர்லாந்து, இத்தாலி தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் கேட்டன.

அப்புறம், பன்மைக்கு 'அகப்பட்டோர்' போடலாமா? கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.