மூன்று மா நிலமும் கூட்டு நாற்றங்காலும்: கடைமடையில் பார்த்தது

திருக்குவளைப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், ஒரு சின்ன ஊரில் போன சம்பா நடவு நேரத்தில் சில நாள் தங்கியிருந்தேன். நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு நிலம் வாங்கித் தரும் லாப்டி அமைப்பு மூலம் நிலம் கிடைத்த குடும்பங்கள் அங்கே நிறைய. ஆளுக்கு ஒரு ஏக்கர், நம்ம பக்கத்துக் கணக்கில் மூன்று மா, பட்டா பெண்கள் பெயரில்.

பழைய கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 44 பேரை நிலக்காரர்களின் ஆட்கள் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்கப்புறம்தான் சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் இந்தப் பக்கம் வந்து வேலை செய்தார்கள். 1981இல் லாப்டி தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, கூலி வேலை செய்தவர்கள் கையில் கொடுத்தார்கள்.

ஆனால் மூன்று மாவைத் தனியாக வைத்துக்கொண்டு கடைமடையில் விவசாயம் கட்டுப்படியாகாது. மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தாலும் இங்கே வாய்க்காலில் தண்ணீர் வர நாளாகும், நிலத்தடியில் பல இடத்தில் உப்பு. அதனால் நாற்றங்காலைச் சேர்த்தே போடுகிறார்கள். ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். பத்துக் குடும்பத்துக்கு 80 சென்ட், குளத்தை ஒட்டிய ஒரே மேட்டில், ஒரே இன்ஜின், டீசல் செலவு பங்கு. நடவுக்குக் கூலி கிடையாது, ஒருவர் வயலில் மற்றவர் மாறி மாறி வேலை செய்யும் மாற்றாள்தான். நான் இருந்தபோது ஒரு அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். விடியும் முன்னே நாற்றுப் பறித்து முடிகளாக, சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, எல்லோரும் நேராக அந்த அக்காவின் வயலில்தான் இறங்கினார்கள். "அவ வயல முடிச்சிட்டுத்தான் மத்ததெல்லாம்" என்றார் ஒரு பாட்டி, அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அதே பாட்டி சொன்னது: "பட்டா கையில வந்தப்பகூட நம்பல தம்பி. அடங்கல்ல (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமப் பதிவேடு) எம்பேரு இருக்குன்னு படிச்சுக் காட்டுனாங்க, அப்புறந்தான் சொசைட்டில போய் பயிர்க்கடன் கேட்டேன்." கெடுவுக்குள் கட்டினால் கூட்டுறவுச் சங்கத்தின் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. பண்ணையில் கூலிக்கு நின்ற ஒருவர் அந்தக் கவுண்டரில் போய் உரிமையோடு நிற்பது சின்ன விஷயமே இல்லை.

இப்போது அவர்கள் கேட்பது குளத்தைத் தூர்வாருவது ஒன்றைத்தான். சித்திரையிலேயே மண்ணெடுத்தால் அடுத்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் தங்கும், மழைக்குப் பிறகு ஆள் அனுப்பிப் பிரயோஜனமில்லை.