"ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க" என்று கத்தினால் போதுமா?

பந்துதூக்கி:
என் லாப்ரடாருக்கு 14 மாதம், 32 கிலோ. நாயை அவிழ்த்து விட அனுமதி உள்ள திடலில்தான் விட்டிருந்தேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்தில் ஒரு அம்மா டாஷ்ஹண்ட் ஒன்றை, அதுதான் குட்டைக்கால் நீள முதுகுச் சின்ன நாய், கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். இவன் பார்த்தான், நேராக ஒரே ஓட்டம். நான் கூப்பிட்டது காதில் ஏறவே இல்லை. வழக்கம்போல "ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க" என்று கத்தினேன். நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லை, முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி விளையாடக் கூப்பிட்டான், ஒரு தடவை காலால் தட்டினான், அவ்வளவுதான். அது வீல் வீலென்று கத்த, அந்த அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நாய் வளர்க்கவே தகுதி இல்லாதவனாம் நான். ஆசையாக ஓடிவந்த நாய்க்கு இவ்வளவு திட்டா?

குட்டைக்கால்:
திட்டு நாய்க்கு இல்லை, உங்களுக்கு. என்னிடம் இருப்பதும் டாஷ்ஹண்ட்தான், 6 கிலோ. நீங்கள் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம், இதற்கு முன்னால் உங்கள் 32 கிலோ நாய் வருவது உங்கள் கணக்குக்குச் சுமார் 350 கிலோ காளை வருவதுபோல. அது உங்களை நோக்கி முழு வேகத்தில் வருகிறது, பின்னாலிருந்து ஒருவர் "நல்ல மாடுங்க" என்று கத்துகிறார். நின்று சிரிப்பீர்களா? நீள முதுகு நாய்களுக்கு முதுகெலும்பு வட்டுப் பிரச்சினை சகஜம். ஏற்கெனவே தேய்ந்துபோன வட்டு பிதுங்கினால் பின்னங்கால் செயலிழந்துகூடப் போகலாம். விளையாட்டுக்குத் தட்டினானா, கோபத்தில் தட்டினானா என்பது முதுகுக்குத் தெரியாது.

மணல்மேடு:
சரி, பெரிய நாய்க்காரர்கள் எல்லாரும் வில்லன்கள், ஒத்துக்கொண்டோம். இப்போது மறுபக்கத்தையும் பேசுவோமா? என் ராட்வைலர் கயிற்றில் என் பக்கத்தில் சும்மா நின்றிருந்தது. 4 கிலோகூட இருக்காது, ஒன்று அவிழ்ந்து ஓடிவந்து அதன் காதைக் கடித்து ரத்தம் வரவைத்தது. அதை வளர்ப்பவர் சிரிக்கிறார், "இவனுக்குத் தான் பெரிய ஆள்னு நினைப்பு" என்று! என்னுடையது திருப்பி ஒரே ஒரு கடி கடித்திருந்தால் அன்றைக்கு யார் குற்றவாளி? இன்னொன்று, பெரிய நாய் கண்ணில் பட்டதுமே கயிற்றை இறுக்கிச் சுருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கழுத்து இறுகினால் உங்கள் நாய் என்ன நினைக்கும், வருவது ஆபத்து என்றுதானே? பயத்தைப் பாதிக்குமேல் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

குட்டைக்கால்:
கயிற்றை இறுக்குவது தப்புதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் எது முதலில் நடந்தது என்று பாருங்கள். என் நாய் 8 மாதம் வரை எல்லா நாயிடமும் வாலாட்டிக்கொண்டு போனது. ஒரு நாள் "நல்ல நாய்" ஒன்று மேலே பாய்ந்து உருட்டியது, காயம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து தூரத்தில் ஒரு பெரிய உருவம் தெரிந்தாலே வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் போய்விடும். நான் கயிற்றை இறுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றுகிண்ணம்:
என் வீட்டில் ஒரு கிரேட் டேனும் இரண்டு சின்ன நாய்களும் இருப்பதால் இரண்டு பக்கத் திட்டும் எனக்குப் பழக்கம். பந்துதூக்கி, உங்கள் நாய் விளையாடக் கூப்பிட்டது உண்மையாகவே இருக்கட்டும். மற்ற நாய் என்ன சொன்னது? மூக்கை மூக்கை நக்கியதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்த்ததா, ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றதா? நாய்கள் வளைந்து வந்து பின்பக்கம் மோந்துதான் அறிமுகமாகும். நேர்கோட்டில் மூஞ்சிக்கு முன்னால் போய் நிற்பதே மரியாதைக்குறைவு. விளையாட்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பெரியதைப் பிடித்து நிறுத்துங்கள். சின்னது தானாகத் திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் விளையாட்டு. கிடைத்த இடைவெளியில் ஓட்டம் எடுத்தால் அதுதான் பதில்.

இன்னொன்றும் உண்டு. கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் சின்ன உருவம் சில பெரிய நாய்களுக்கு ஒரு நொடியில் நாயாகத் தெரியாமல் போய்விடும், இரையாகத் தெரியும். அதுவரை சாதுவாக விளையாடியதும் இதில் சேர்த்தி. வாயில் கவ்வி உலுக்கிவிட்டால் வெளியே இரண்டு சின்ன ஓட்டை, உள்ளே தசை கிழிந்திருக்கும். கடிபட்டது எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

பந்துதூக்கி:
மூக்கை நக்கியதா என்றெல்லாம் பார்க்கவில்லை, உண்மையைச் சொன்னால் நான் இன்னும் நூறடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டில் கூப்பிட்டால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வருவான், வெளியேதான் இப்படி.

மூன்றுகிண்ணம்:
வீட்டில் வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே அவனுக்கு உங்களை விட்டால் வேறு வேலை இல்லை. 14 மாதம் நல்ல விடலைப் பருவம் வேறு. 10 மீட்டர் நீளக் கயிறு வாங்குங்கள், கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், ஓடிப்போய் வெட்டி நின்றால் கழுத்துக்கு ஆகாது, மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் மாட்டுங்கள். இன்னொரு நாயைப் பார்த்தும் உங்கள் குரல் காதில் விழுகிற தூரம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள். திரும்பிப் பார்த்த அந்த நொடியே தின்பண்டம். துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், எதிர்ப்பக்கம் ஓடுங்கள். தாமதமாக வந்தாலும் திட்டவே கூடாது, திட்டினால் வருவதுதான் தப்பு என்று புரிந்துகொள்ளும்.

மணல்மேடு:
அப்படியே சின்ன நாய்க்காரர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். பார்த்ததும் தூக்கி மார்போடு அணைக்கிறார்களே, பெரிய நாய்க்கு அது எட்டிக் குதிக்க அழைப்பு.

குட்டைக்கால்:
தூக்காமல்? கீழே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவா? தூக்குவேன், தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வேன். கையில் தின்பண்டம் இருந்தால் ஒரு பிடி அள்ளி ஓடிவருகிற நாயின் முகத்துக்கு நேரே தரையில் வீசுவேன், பாதி நாய்கள் அதிலேயே நின்றுவிடும். நடுவில் நின்று கையை நீட்டி "நில்" என்று அதட்டியும் பார்த்திருக்கிறேன். உங்கள் ராட்வைலர் விஷயத்தில் அந்த ஆள் சிரித்தது அயோக்கியத்தனம். சின்னது கடித்தாலும் கடிதான்.

மணல்மேடு:
இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

பந்துதூக்கி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீளக் கயிறு வாங்கியாகிவிட்டது. நேற்று அதே டாஷ்ஹண்ட். ஐம்பது அடி தூரத்தில் இவன் காது நிமிர்ந்தது, உடம்பு முழுக்க விறைத்தது, நான் கூப்பிட்டதும் ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்தான். இரண்டாவது தடவை வரவில்லை, கயிறுதான் நிறுத்தியது. அந்த அம்மா என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் போயேவிட்டார்.

குட்டைக்கால்:
பின்னால் ஓடிப்போய்க் கேட்காதீர்கள், அதற்கும் சேர்த்துத் திட்டு விழும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நீளக் கயிறு உருவிக்கொண்டு போனால் உள்ளங்கை தோல் உரிந்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளவே வேண்டாம்.