புதுப்பிப்பு: திரைவாசிப்பான் தமிழ்ப் பாடக் குறிப்புகளைக் குழப்பி வாசித்த சிக்கல் தீர்ந்தது

இதைப் பற்றி முன்பு நான் கேட்டதற்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: தேர்வுக்காக வந்த வேர்டு கோப்புகளில் 'தமிழ்' என்று இருக்கும் இடத்தில் என்விடிஏ (திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்) 'ஜே, கே, பி, ஓ' என்று வாசித்தது. எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெய்ல் கருவியிலும் அதே ஆங்கில எழுத்துகள்தான்.

என்விடிஏ வாசிக்கப் பயன்படுத்தும் ஈஸ்பீக் குரலை மாற்றிப் பார்த்தது பயன்படவில்லை. காரணம் எழுத்துரு என்று ஒருவர் சொன்னதே சரி. கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தமிழ், கணினிக்கு உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றியதும் குரல் ஒழுங்காக வாசித்தது. பிரெய்லுக்கு மட்டும் அமைப்புகளில் வெளியீட்டு அட்டவணையையும் (எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்ற பட்டியல்) தமிழாக்க வேண்டியிருந்தது.

எதிர்பாராத ஒன்று: பாமினியை யூனிகோடாக்க முதலில் கிடைத்த மாற்றி மென்பொருள் 'கெ', 'கொ' வரும் சொற்களைக் கெடுத்தது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி அப்புறம் 'க' தட்டுவார்கள். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. பிரெய்லிலும் மெய்க்குப் பின்தான் உயிர். வரிசையைத் திருப்பாத மாற்றி பார்வைக்கு ஓரளவு தேறலாம், விரலுக்குத் தேறாது. ஆகவே எந்த மாற்றியானாலும் 'கொடுக்க', 'பெயர்' போன்ற சொற்களில் சோதித்துப் பாருங்கள்.

சில பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்கள். அவற்றுக்கு மாற்றி உதவாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக எடுத்தேன். பக்கங்களில் இருந்த அட்டவணைகள் கலைந்துவிட்டன, மற்றபடி படிக்க முடிகிறது. இனி யூனிகோடிலேயே அனுப்பச் சொல்லி, கோப்புகளை அனுப்பியவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.