நியூ பிரௌன்ஃபெல்ஸில் கற்றுக்கொண்ட ஒரு சொல்

டெக்சாஸில் சான் ஆன்டோனியோவிலிருந்து ஆஸ்டின் போகும் வழியில், அரை மணி நேரத்தில் வரும் ஊர் இது. பெரும்பாலும் கோமல் ஆற்றில் ட்யூபில் மிதக்கத்தான் அங்கே போவார்கள். நானும் முதல் தடவை அதற்குத்தான் போனேன். ஆற்றின் மொத்த நீளமே நாலு கிலோமீட்டர்தான். ஊருக்குள் ஊற்றெடுத்து, ஊருக்குள்ளேயே குவாடலூப் ஆற்றில் கலந்துவிடும். ஆகஸ்ட் வெயிலிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும்.

அடுத்த முறை தனியாகப் போய் நேகலின்ஸ் பேக்கரியில் உட்கார்ந்தேன். 1868லிருந்து நடக்கிற கடை. பக்கத்து மேஜையில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், காபியில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்ததும் தன் வீட்டு மொழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் போகும்வரை அவருக்கு ஆங்கிலமே தெரியாதாம், வீட்டில் எல்லாமே ஜெர்மன்தான். அதுவும் ஜெர்மனியில் பேசுகிற ஜெர்மன் இல்லை, டெக்சாஸ் ஜெர்மன். விமானத்துக்கு லுஃப்ட்ஷிஃப், அதாவது காற்றுக் கப்பல். இங்கே வந்தபின் பார்த்த, நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க்குக்கு ஷ்டிங்க்கட்ஸ, நாற்றப் பூனை. "எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து சோஃபியன்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1845இல் ஊரை நிறுவிய இளவரசர் கார்ல், தன் வருங்கால மனைவி சோஃபியின் பெயரில் கோட்டை கட்ட நினைத்த இடம் அது. சோஃபியோ டெக்சாஸுக்கு வர மறுத்துவிட்டார். இளவரசரும் சில மாதங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். என் மனதை உறுத்தியது, இளவரசருக்குப் பின்னால் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர்களின் கதைதான். 1846இல் மெக்சிகோவுடன் போர் வந்ததும் மாட்டு வண்டிகளெல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டன. நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்த குடும்பங்கள் கடற்கரையிலேயே மாதக்கணக்கில் கிடந்தன. காய்ச்சலிலும் பேதியிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நடந்தே கிளம்பியவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள். இளவரசரைவிட அவர்களைத்தான் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் என்பேன்.

தப்பிப் பிழைத்தவர்கள், ஊர் உருவான ஏழே வருடத்தில், 1852இல், ஒரு ஜெர்மன் செய்தித்தாளையே தொடங்கிவிட்டார்கள். அதன் முதல் ஆசிரியர் லிண்ட்ஹைமர் ஒரு தாவரவியலாளர். கோமல் தெருவில் அவர் வீடு இன்றும் இருக்கிறது. 1957 வரை அந்தப் பத்திரிகை ஜெர்மனில் வந்தது. இப்போது ஊரின் மக்கள்தொகை 90,000ஐத் தாண்டிவிட்டது, ஆனால் கடைப் பலகைகளில்தான் ஜெர்மன் தெரிகிறது, காதில் விழுவதில்லை.

மூன்றாவது தடவை மகனையும் கூட்டிப் போனேன். பழைய க்ரீன் ஹால் நடன அரங்கைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் அந்தப் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். நான் தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன் அவன். "ஸ்கங்க்குக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லே இருந்ததில்லை. நாமும் நாற்றப் பூனை என்றே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

இரவு திரும்பும்போது எங்கோ சாலையோரத்திலிருந்து அந்த வாடை காருக்குள் குப்பென்று வந்தது. பின் சீட்டில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன். "அப்பா, நாத்தப் பூனை" என்றான்.