எம்எல்ஏ, எம்பி வருகை, வாக்கு, சொத்து விவரம் எடுப்பது எப்படி?

கேள்வி (காட்பாடி):
வணக்கம். எங்க எம்எல்ஏ, எம்பி ரெண்டு பேரோட வருகை, வாக்கு, சொத்துக் கணக்கை ஒரே அட்டவணையில தொகுக்கிறேன். எம்பிக்களோட செயல்பாட்டைத் தொகுக்கிற பிஆர்எஸ் தளத்துல வேலூர் எம்பி பக்கத்துல வருகை, கேள்வி, விவாதம் இருக்கு. எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களிச்சார்னு இல்லை. எம்எல்ஏவுக்கு வருகையே கிடைக்கலை. எங்க தப்பு பண்றேன்?

பதில் 1:
முதல்ல எம்பியை மாத்துங்க சார். காட்பாடி வேலூர் மாவட்டம்தான், ஆனா மக்களவைக்கு அரக்கோணம் தொகுதி.

வாக்கு கிடைக்காததுக்குக் காரணம் வேற. பெரும்பாலான மசோதா குரல் வாக்கெடுப்புல நிறைவேறுது, அதுல யார் பேரும் பதிவாகாது. உறுப்பினர் யாராவது டிவிஷன், அதாவது எண்ணிப் பார்க்கிற வாக்கெடுப்பு கேட்டாதான் பேர்வாரியா பதிவாகும். மசோதா நிறைவேறின தேதியை வச்சு அன்றைய மக்களவை விவாதத் தொகுப்பை எடுங்க, பட்டியல் அதுல இருக்கும். அடிக்குறிப்பையும் படிங்க, காகிதச் சீட்டுல வாக்களிச்சவங்க, திருத்தினவங்க பேர் அங்கதான் வரும். டிவிஷன் நடக்காத மசோதாவுக்கு 'பதிவு இல்லை'ன்னு எழுதுங்க. 'வாக்களிக்கவில்லை'ன்னு எழுதினா அது பொய்.

இன்னொண்ணு, கட்சிக் கொறடா உத்தரவை மீறி வாக்களிச்சா, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவியே போகலாம். அதனால வாக்கை விட அவர் கேட்ட கேள்விகள்தான் அவரைப் பத்தி அதிகம் சொல்லும்.

பதில் 2:
நாடாளுமன்றத்துல அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுறதில்லை. அந்தக் கட்டம் காலியா இருந்தா பூஜ்யம்னு எடுத்துக்காதீங்க. வேலூரோட 2019 கணக்கு எடுக்கிறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: அங்க வாக்குப்பதிவே ஆகஸ்ட் 5-ல தான் நடந்தது. அதுக்கு முன்னாடியே தொடங்கின முதல் கூட்டத்தொடரைச் சேர்த்தா சதவீதம் தப்பா வரும்.

எம்எல்ஏவுக்கு, சென்னைக் கோட்டையில சட்டமன்றப் பேரவைச் செயலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க. கூட்டம் நடந்த நாட்கள், அவர் கையெழுத்திட்ட நாட்கள், ரெண்டையும் தேதிவாரியா கேளுங்க. 'ஏன் வரலை'ன்னு கேட்காதீங்க, ஆவணத்துல இருக்கிறதைத்தான் தருவாங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா, அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

பதில் 3:
சொத்துக்கு, தேர்தல் ஆணையத் தளத்துல படிவம் 26, அதாவது வேட்பாளர் தர்ற உறுதிமொழிப் பத்திரம், பாருங்க. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டா ஏமாந்துடுவீங்க. பழைய நிலத்தோட மதிப்பு ஏறினாலே தொகை கூடிடும். ரெண்டு தேர்தல் படிவத்தையும் பக்கத்துல வச்சு சர்வே எண் பாருங்க. புது எண் வந்தா அதுதான் கவனிக்க வேண்டியது. மனைவி அல்லது கணவர், சார்ந்தவங்க பத்திகளையும் விட்டுடாதீங்க.

தேர்தல் செலவுக் கணக்கு மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட இருக்கும். தேர்தல் நடத்தை விதிகள்ல விதி 88-ன்படி 1 ரூபாய் கட்டி யாரும் பார்வையிடலாம்.

பதில் 1:
தொகுதி மேம்பாட்டு நிதியையும் சேர்த்துக்கோங்க. அந்தப் பணம் எம்எல்ஏ கைக்குப் போகாது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், ஆட்சியர் அனுமதிப்பார். அதனால சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துல, ஊரக வளர்ச்சி முகமைக்கு மனு போடுங்க. வேலையின் பேர், மதிப்பீடு, நிர்வாக அனுமதி எண், செலவான தொகை, முடிஞ்ச தேதின்னு ஆண்டுவாரியா கேளுங்க. 'முழு விவரம் தருக'ன்னு பொதுவா எழுதினா மொத்தத் தொகை மட்டும் ஒரு வரியில வரும்.