மறு: கஷ்கொட்டைக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் செஸ்ட்நட் எனப்படும், சுட்டுத் தின்னும் கொட்டைதான் கஷ்கொட்டை. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு வேறு பெயர் வேண்டும் என்பதே என் பேச்சு.

> கஷ்கொட்டை அகராதியில் ஏறிவிட்டது. இனி மாற்றுவானேன்?

ஏறிவிட்டது, உண்மைதான். மொழிபெயர்ப்புச் செயலிகளும் அதையே தருகின்றன. ஆனால் அந்தக் ‘கஷ்’ யார், எந்த ஊர் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. பாதி ஒலிபெயர்ப்பு, பாதி கொட்டை. அதற்குச் செஸ்ட்நட் என்று முழுதாகவே எழுதிவிடலாம்.

என் குறை கிரந்த எழுத்தின் மேல் இல்லை. தின்னத் தக்கதையும் தகாததையும் அந்தப் பெயர் பிரித்துக் காட்டுவதில்லை என்பதுதான் என் வழக்கு. போன அக்டோபரில் அம்மா பாரிசுக்கு வந்திருந்தார். பூங்காவில் ஒரு மரத்தடியில் பளபளவென்று செம்பழுப்புக் கொட்டைகள் கொட்டிக் கிடந்தன. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முந்தானையில் ஒரு படி அள்ளிவிட்டார். பலாக்கொட்டைபோல ஒரு கீறல் போட்டுச் சுட்டால் ஆயிற்று என்பது அவர் கணக்கு. கீறாமல் சுட்டால் வெடிக்கும் என்பதுவரை அந்தக் கணக்கு சரி. மரம்தான் தவறு. இலவ மரத்து இலைபோல ஒரே காம்பில் ஐந்தேழு சிற்றிலைகள் விரிந்திருந்தன. அது குதிரைக் கஷ்கொட்டை. எஸ்குலின் என்ற நச்சுப்பொருள் உள்ளது, தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். உண்ணும் வகையின் இலை தனி இலை. மாவிலைபோல நீளம், ஓரத்தில் ரம்பப்பல்.

பிரெஞ்சுக்காரர்களே இதில் குழம்பிப்போனவர்கள். தெருவில் சுட்டு விற்கும் நல்ல கொட்டைக்கும் மரோன் என்றுதான் பெயர், பூங்காவில் கிடக்கும் நஞ்சுக்கும் மரோன்தான். பின்னதை ‘இந்திய மரோன்’ என்று வேறு சொல்வார்கள். அந்த மரத்தின் தாயகமோ பால்கன் மலைகள்! ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இங்குள்ள நச்சுத் தடுப்பு மையங்கள் எச்சரிக்கை விடுகின்றன. பெயர் செய்த கேடு. நாமும் அதே குழியில் விழ வேண்டுமா?

> இன்கொட்டை, குதிரைக்கொட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்வீட் செஸ்ட்நட், ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் இதுதான் கிடைக்கும். தமிழில் நல்லதற்கு அடைமொழி கொடுக்கும் வழக்கம் குறைவு, ஆகாததற்குத்தான் கொடுப்போம். புடல் இருக்கிறது, பேய்ப்புடல் இருக்கிறது. சுரைக்குப் பேய்ச்சுரை, அத்திக்குப் பேயத்தி. ஆகவே நஞ்சுக்கொட்டைக்குப் பேய்க்கொட்டை என்று நம் கிழவிகளே பெயர் வைத்திருப்பார்கள். இதில் எனக்கு ஐயமில்லை.

நல்லதற்கு என்ன பெயர் என்பதில்தான் இடறுகிறோம். மாக்கொட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் பொருந்துகிறது. முந்திரி, பாதாம்போல எண்ணெய்ப் பிடிப்பு இல்லை, உள்ளே எல்லாம் மாவு. தெற்குப் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் கொட்டையை உலர்த்தி மாவாக அரைத்து உண்டு வாழ்ந்ததால் ‘ரொட்டி மரம்’ என்றே அழைத்தார்கள். ஆனால் ஒரு ஙகரம் தவறினால் மாங்கொட்டையாகிவிடும். அச்சுக்கூடத்தை நம்ப நான் தயாரில்லை. முட்கொட்டை என்பதும் உதவாது, இரண்டின் மேலுறையிலும் முள் உண்டு. நல்லதன் உறை சுருண்டு கிடக்கும் முள்ளெலி. பேய்க்கொட்டையின் உறை ஊமத்தங்காய்போல ஆங்காங்கே முள் தைத்தது. அந்த உறைக்கு முள்ளுறை என்ற சொல் போதும்.

என் வீட்டுத் தோட்டத்தில் நல்ல வகையின் ஒட்டுக்கன்று ஒன்று நிற்கிறது. புஷ் தெ பெதிசாக் என்ற ரகம். நாலாம் ஆண்டு முள்ளுறை நிறையக் காய்த்தது. கையுறை போட்டுப் பிளந்தால் மூன்று தட்டைத் தோல்கள், உள்ளே ஒன்றுமில்லை. அந்த ரகத்துக்கு மகரந்தமே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. மகரந்தம் உள்ள ரகங்களும் பெரும்பாலும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காது, துணைக்கு வேறு ரகம் வேண்டும். இன்னொன்று வாங்கிப் பத்து மீட்டர் தள்ளி நட்டபின்தான் பருப்பு பிடித்தது. காலிக் கொட்டைக்குப் பட்டியலில் ‘வெற்றுக்கனி’ என்று போட்டிருக்கிறீர்கள். கடலைக் காட்டில் அதற்குப் பொக்கு என்பார்கள். அதையே போடுங்கள்.

என் மரத்துக் கொட்டையையும் பூங்காக் கொட்டையையும் அம்மா உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இதற்குக் குடுமி இருக்கிறது, அது மொட்டை” என்றார். அதுதான் அடையாளம். நல்ல கொட்டையின் கூரிய நுனியில், பூவின் சூல்தண்டுகள் காய்ந்து சிறு குஞ்சமாக நிற்கும். பேய்க்கொட்டையில் அது இருக்காது. எனவே என் முன்மொழிவு: குடுமிக்கொட்டை.

---

ஐயா,

பேய்க்கொட்டையும் பொக்கும் உடனே ஏற்கிறேன். குடுமிக்கொட்டை கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, கலைச்சொல்லுக்கு அது ஆகுமா? அத்துடன் சீன, ஜப்பானிய, அமெரிக்க வகைகளும் உள்ளன. ஐரோப்பிய மரத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் நாளை அவை வெளியே நிற்கும்.

---

அன்புடையீர்,

நிற்காது. நால்வகைக்கும் குடுமி உண்டு. சீனக் குடுமிக்கொட்டை, ஜப்பானியக் குடுமிக்கொட்டை என்று இடப்பெயரை முன்னால் ஒட்டினால் முடிந்தது. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பட்டை நோயால் கோடிக்கணக்கில் மடிந்தது அமெரிக்க வகை. அந்நோய்க்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும், அதைத் தனி மடலில் பேசுவோம்.

சிரிப்பைப் பற்றி: சிரிப்பு வருகிற சொல் மறக்காது. கஷ்கொட்டையை வேண்டுமானால் பழைய சொல் என்று அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில், “குடுமிக்கொட்டை என்று பெயர் வைக்கப்போகிறோம்” என்றேன். “தேங்காய்க்கா?” என்று கேட்டார். இருந்தாலும் என் வாக்கு அதற்குத்தான்.